ஆயா வேலைக்குப் போகிறவள் எதைச் சொல்ல வேண்டும்?

கடை வைத்திருக்கும் நமக்கு ஒரு சட்டம் நன்றாகத் தெரியும். மூட்டையின் மேலே நல்ல அரிசியும் அடியில் ஈரம் பட்ட அரிசியும் இருந்தால், வாங்க வந்தவரிடம் அதைச் சொல்லி விற்பது வியாபாரம். சொல்லாமல் விற்பது மோசடி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்ததையும், உள்ளே ஈரம் இருக்கக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்ததையும் மத்ரஸாவில் ஓதிய காலத்திலேயே கேட்டிருக்கிறோம். சரக்கின் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பதில் நமக்குள் இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் விற்பதற்கு அரிசியும் பருப்பும் இல்லாமல், தன் இரண்டு கைகளை மட்டும் நம்பி ஒரு வீட்டு வாசலில் வேலை கேட்டு நிற்கிறாளே ஓர் ஏழைப் பெண், அவளுக்கும் இதே சட்டந்தானா? தன் குறையைத் தானே எடுத்துச் சொல்லி, அதனால் வேலை கிடைக்காமல் பிள்ளைகளோடு பட்டினி கிடக்க வேண்டும் என்று நாம் அவளுக்குச் சொல்லலாமா? இந்தக் கேள்வி ஒரு நாள் என் கடைக்கே வந்தது. அன்று நான் கொடுத்த பதில் சரிதானா என்று அதன் பிறகு பல நாள் யோசித்தேன். யோசித்ததைச் சகோதரர்கள் முன் வைக்கிறேன்.

நம் கடையில் சாமான் வாங்குகிற ஒரு பெண். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தாயார் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பல வருஷம் ஆயாவாக இருந்தவர். ஆயாக் கொட்டகை எப்படியிருக்கும் என்று இன்றைய இளைஞர்களுக்குத் தெரிந்திருக்காது. விடியுமுன்னே பெரட்டுக்குப் போகிற தாய்மார்கள், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பால் புட்டியும் மாற்றுத் துணியுமாக அங்கே வந்து விட்டுவிட்டு மரம் வெட்டப் போவார்கள். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஓர் ஆயா, கூட்டம் அதிகமென்றால் இரண்டு ஆயாக்கள், அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஆயாவை யாரும் பேட்டி கண்டு தேடியதில்லை. லயத்தில் எல்லாருக்கும் அவளைத் தெரியும். அவள் கை எப்படி, கோபம் எப்படி, தன் பிள்ளைகளை எப்படி வளர்த்தாள் என்பதெல்லாம் இருபது வருஷம் கண்ணால் கண்ட சங்கதி.

பட்டணத்தில் அப்படியில்லை. அடுத்த வீட்டுக்காரர் பெயரே நமக்குத் தெரிவதில்லை. இருபது வருஷப் பழக்கம் தர வேண்டிய நம்பிக்கையை அரைமணி நேரக் கேள்வி பதிலில் வாங்கிவிடப் பார்க்கிறோம். அதற்குத்தான் பேட்டி என்று பெயர்.

அந்தப் பெண் ஒரு புதன்கிழமை கடைக்கு வந்தாள். “பாய், வெள்ளிக்கிழமை ஒரு வீட்டிலே வரச் சொல்லியிருக்காங்க. எட்டு மாசப் பிள்ளையப் பார்த்துக்கணுமாம். என்னென்ன கேப்பாங்க, எப்படிப் பதில் சொல்லணும்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க” என்றாள். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை அல்லவா? கணவனும் மனைவியும் உத்தியோகத்தில் இருக்கும் வீடு; இருவரும் வீட்டிலிருக்கும் நாளாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வீட்டிலிருந்த என் மனைவியையும் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் யாருக்குத் தகவல் சொல்வாய், பாலை எவ்வளவு நேரம் வைத்திருப்பாய், பிள்ளையை எப்படிப் படுக்க வைப்பாய் என்று கேட்பார்கள். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கக் கூடாது, தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்று இந்தக் காலத்து மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் நாக்கில் தேன் தொட்டு வைத்து வந்தவர்கள்தாம். ஆனாலும் தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தெரியாததைக் கேட்டால் தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்று சொல். இவ்வளவும் சொல்லிக் கொடுத்தோம். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

பிறகு குரலைத் தாழ்த்தி, “இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு பாய்” என்றாள்.

ஒன்று, அவளுக்கு இனிப்பு நீர் வியாதி. அரசாங்க கிளினிக்கில் மருந்து எடுக்கிறாள். முன்பு ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவிக்கொண்டிருந்தபோது, இரண்டு முறை தலை சுற்றி மயங்கி விழுந்திருக்கிறாள். மற்றொன்று, அவளுடைய கணவன் சிறையில் இருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள்: வியாதியே இல்லை என்று சொல்லிவிடு, புருஷன் செத்துப் போனான் என்று சொல்லிவிடு, அப்போதுதான் இரக்கமும் வரும், வேலையும் வரும்.

“நான் எதைச் சொல்லணும் பாய்?” என்று கேட்டாள்.

நான் பணப்பெட்டிக்கு முன்னால் வசதியாக உட்கார்ந்துகொண்டு, “உண்மையைச் சொல்லும்மா. அல்லாஹ் வழி விடுவான்” என்றேன். அவளும் அப்படியே சொன்னாள். அடுத்த வாரம் வந்து, வழக்கமாக வாங்குகிற அரிசியில் பாதியை வாங்கினாள். “நெசத்தைச் சொன்னேன் பாய். வேணாம்னுட்டாங்க” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மார்க்கத்தைச் சொன்னேன் என்று என் மனம் ஒரு பக்கம் திருப்திப்பட்டது. மறு பக்கம், புண்ணியம் உனக்கு, பட்டினி அவளுக்கா என்று அதே மனம் கேட்டது.

முதலில், சொல்ல வேண்டியது எது, சொல்ல வேண்டாதது எது என்று பிரித்துப் பார்ப்போம். சாதாரண வியாபாரத்தில் இரண்டு பேர்: விற்பவர், வாங்குபவர். இருவருக்கும் கண் உண்டு, வாய் உண்டு, அறிவு உண்டு. ஏமாற்றப்பட்டவர் மறுநாள் வந்து சண்டை போடலாம். ஆனால் ஆயா வேலைக்கான பேட்டியில் மூன்று பேர் இருக்கிறார்கள். மூன்றாவது ஆள் எட்டு மாதக் குழந்தை. பேசப்படுவதெல்லாம் அதைப் பற்றித்தான். அதற்கோ பேச வாயில்லை. நாளை அந்தப் பெண் மயங்கி விழும்போது அவள் இடுப்பில் இருக்கப் போவது அந்தக் குழந்தை. தன்னைத் தூக்கப் போகிறவளைப் பற்றிக் கேள்வி கேட்க அதனால் முடியாது. ஆகவே அங்கே பேசுகிற இரண்டு தரப்பும் அந்தக் குழந்தைக்காகவும் பேசக் கடமைப்பட்டவர்கள். பிள்ளை என்பது அமானிதம். பெற்றோருக்கும் அது அல்லாஹ் கொடுத்த அமானிதம். ஆயாவுக்கு அமானிதத்திற்குள் ஓர் அமானிதம்.

எனவே எனக்குத் தோன்றுகிற அளவுகோல் இதுதான்: குழந்தையைத் தொடுகிற எதையும் மறைக்கக் கூடாது, குழந்தையைத் தொடாத எதையும் சொல்லியாக வேண்டும் என்பதில்லை.

இந்த அளவுகோலை வைத்து அளந்தால், மயக்கம் குழந்தையைத் தொடுகிறது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கணவன் சிறையில் இருப்பது குழந்தையைத் தொடவில்லை. அது அவளுடைய வீட்டு மானம். மனிதரின் மானத்தை மறைப்பது மார்க்கம் விரும்புகிற காரியம். அவன் செத்தான் என்று அவள் பொய் சொல்லக் கூடாது. ஆனால் “அவர் எங்களோடு இல்லை, அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை” என்று சொல்லி நிறுத்திக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு. நாளை அவன் வெளியே வந்து அந்த வீட்டு வாசலில் நின்று தகராறு செய்வான் என்ற பயம் இருந்தால், அப்போது அது குழந்தையைத் தொடும் சங்கதியாகிவிடும், சொல்ல வேண்டும். நானோ இந்த வித்தியாசம் எதையும் பார்க்காமல், எல்லா உண்மையையும் கொட்டிவிடு என்கிற மாதிரி சொல்லியனுப்பினேன். அவளும் இரண்டையும் சொல்லிவிட்டாள். அது என் முதல் தவறு.

இங்கே ஒருவர் கேட்கலாம்: மூஸா (அலை) அவர்களின் தாயார் மறைக்கவில்லையா? நியாயமான கேள்வி. ஆயா வேலைக்கு ஆள் தேடிய கதைகளில் அதைவிடப் பெரிய கதை ஏது? ஆற்றில் விடப்பட்ட குழந்தை பிர்அவ்னின் மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தது. எந்தச் செவிலியிடமும் பால் குடிக்க மறுத்தது. அப்போது குழந்தையின் தமக்கை முன்வந்து, இதை வளர்க்கக்கூடிய ஒரு குடும்பத்தை நான் காட்டட்டுமா என்று கேட்டாள். அந்தக் குடும்பத்தார் குழந்தைக்கு நல்லதையே நாடுவார்கள் என்று அவள் சொன்னதும், அது உனக்கெப்படித் தெரியும் என்று அங்கிருந்தவர்கள் சந்தேகப்பட்டுக் கேட்டதாகவும், அரண்மனையின் தயவை விரும்பி அப்படி நடப்பார்கள் என்று அந்தச் சிறுமி சமாளித்ததாகவும் விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தாயார் வந்தார், வேலை கிடைத்தது, பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூலியும் கிடைத்தது. தாமே தாய் என்பதை அவர் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் குழந்தையின் உயிர் போய்விடும். அந்த மறைப்பு குழந்தையைக் காத்தது. நம் பெண் வியாதியை மறைத்திருந்தால், அந்த மறைப்பு அவளுடைய சம்பளத்தைக் காத்திருக்கும். குழந்தையை ஆபத்தில் வைத்திருக்கும். இரண்டும் மறைப்புத்தான். ஆனால் யாருக்காக மறைக்கிறோம் என்பதில் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம் இருக்கிறது. ஆகவே அந்தச் சரித்திரமும் நம் அளவுகோலுக்குச் சாதகமாகவே நிற்கிறது.

ஆயினும் இத்துடன் நிறுத்தினால் பாதி நியாயந்தான் பேசியவர்களாவோம். வேலை கேட்டு வருகிறவள் மட்டுந்தானா மறைக்கிறாள்? வேலை கொடுக்கிறவர் மறைப்பதில்லையா? பிள்ளையைப் பார்த்தால் போதும் என்று சொல்லிக் கூப்பிடுகிறார்கள். போன பிறகு சமையல், துணி, வீட்டுப் பெரியவருக்குக் கால் பிடிப்பது, விருந்து நாளில் நடுச்சாமம் வரை பாத்திரம் என்று வேலை நீள்கிறது. மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்பார்கள். ஏழு மணியானாலும் விட மாட்டார்கள். சம்பளத் தேதி ஒன்று சொல்வார்கள், கொடுப்பது வேறொன்றாக இருக்கும். இவையெல்லாம் அடிமூட்டை ஈரம் இல்லையா? தூக்கமும் சாப்பாடும் கெட்டு, மனம் கசந்து இருக்கிறவளின் கையில்தானே அந்தக் குழந்தை இருக்கிறது? அப்படியானால் இவையும் குழந்தையைத் தொடுகிற விஷயங்களே. வேலை கொடுக்கிறவரும் வாய் திறந்து சொல்லக் கடமைப்பட்டவர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் குழந்தைப் பருவத்தை எண்ணிப் பாருங்கள். பனூ ஸஅத் கோத்திரத்துப் பெண்கள் பஞ்ச காலத்தில் மக்காவுக்கு வந்து, பால் கொடுத்து வளர்க்கப் பிள்ளைகளைத் தேடினார்கள். அவர்களும் விசாரித்தார்கள், தகப்பன் யார், என்ன கிடைக்கும் என்று பார்த்தார்கள். தகப்பன் இல்லாத பிள்ளை என்று கேட்டதும் ஒவ்வொருத்தியும் விலகிப் போனாள். வேறு பிள்ளை கிடைக்காததால், வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல்தான் ஹலீமா நாயகி அந்த அநாதைக் குழந்தையை எடுத்துக்கொண்டார்கள். ஆமினா நாயகி தம் பிள்ளை தகப்பனற்றது என்பதை மறைக்கவில்லை. அதனால் பலர் மறுத்ததையும் தாங்கிக்கொண்டார்கள். பிற்காலத்தில் ஹலீமா நாயகி வந்தபோது நபியவர்கள் தம் மேலாடையை விரித்து உட்கார வைத்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. வளர்த்தவளுக்கு அது மரியாதை.

அந்த மரியாதையை உலகம் எப்போதும் கொடுத்ததில்லை. வெள்ளைக்காரத் துரைமார்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறும்போது, வழியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களைக் கூட்டிப் போவார்கள். லண்டன் போய்ச் சேர்ந்ததும், வேலை முடிந்தது என்று சில ஆயாக்களை அங்கேயே கைவிட்டு விடுவார்கள். திரும்பிவர வழியில்லாமல் தவித்த அந்தப் பெண்களுக்காக லண்டனில் ஆயாக்கள் இல்லம் என்று ஒன்று நடந்தது. 1900-ல் அது ஹாக்னி பகுதியில் கிங் எட்வர்ட்ஸ் ரோட்டிற்கு வந்தது. ஊர் திரும்பும் குடும்பம் ஒன்று தன்னைக் கூட்டிப் போகாதா என்று அங்கே காத்திருந்தவர்களில் நம் நாட்டு ஆயாக்களும் உண்டு, சீனத்து ஆமாக்களும் உண்டு. 2022-ல் அந்தக் கட்டிடத்தில் நினைவுப் பலகை ஒன்று வைத்தார்கள். அந்த ஆயாக்களை வேலைக்கு எடுத்தபோது எத்தனையோ கேள்விகள் கேட்டிருப்பார்கள். “என்னைத் திரும்ப ஊரில் கொண்டுவந்து விடுவீர்களா?” என்று அவர்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்க அவர்களுக்கு வாயிருந்ததா?

நம் நாட்டிலும் சட்டம் எல்லாவற்றையும் செய்துவிடாது. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரோ அதற்கு மேலோ இருக்கும் பராமரிப்பு இடங்களுக்கு 1984-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. பதிவு செய்ய வேண்டும். ஒரு வீட்டுக்குள் ஒரு பிள்ளையைப் பார்க்கிறவளுக்கு அந்தச் சட்டம் இல்லை. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆக்கப்பட்டது. வீட்டு வேலைக்காரர்கள் அந்த உத்தரவில் சேர்க்கப்படவில்லை. 2021-லிருந்து அவர்களுக்கும் சொக்சோ கட்ட வேண்டும் என்று இருக்கிறது. எத்தனை வீட்டில் கட்டுகிறோம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். சட்டம் நின்றுவிடும் இடத்தில் மனச்சாட்சிதான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தப் பெண்ணின் மயக்கத்துக்கு வருவோம். பிறகு ஒரு நாள் அவளிடம் விவரமாகக் கேட்டேன். அவள் எடுக்கும் மருந்துக்கு நேரத்தோடு சாப்பிட வேண்டும். சாப்பாடு தள்ளிப் போனால் உடம்பில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும் என்று கிளினிக்கில் முன்னமே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு முறை விழுந்ததும் எப்போது? சாப்பாட்டுக் கடையில், கூட்டம் ஓய்ந்த பிறகு சாப்பிடு என்று மாலை மூன்று மணி வரை நிறுத்தி வைத்த நாட்களில்! நூறு பேருக்குச் சோறு போட்ட கடையில் அவளுக்கு ஒரு கவளம் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. உங்கள் பணியாளுக்கு நீங்கள் உண்பதிலிருந்து உண்ணக் கொடுங்கள் என்ற கருத்தில் நபிமொழி இருப்பதை நாம் எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்!

அப்படியானால் அவளுடைய குறை முழுவதும் அவளுடைய குறைதானா? அந்த வீட்டார், “சரி அம்மா, எப்போது மயக்கம் வரும், எதைச் செய்தால் வராது?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் உண்மை விளங்கியிருக்கும். கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேனா? நானும் கேட்கவில்லை. அது என் இரண்டாவது தவறு.

அவர்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. எட்டு மாதப் பிள்ளையைப் பெற்றவர்கள் பயப்படுவது இயற்கை. வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லாதபோது மறுத்ததும் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொன்ன பெண்மணி, வலிமை, நம்பகம் என்ற இரண்டு குணங்களைத் தம் தகப்பனாரிடம் எடுத்துச் சொன்னார். தன் உடம்பின் வலிமையில் குறை உண்டு என்று, கேட்காமலே, வேலை போய்விடும் என்று தெரிந்தே சொன்ன ஒருத்தி, தன் நம்பகத்துக்கு அந்த நிமிஷமே சாட்சி காட்டிவிட்டாள். அப்படிப்பட்டவளைக் கண்டுபிடிக்கத்தானே பேட்டி வைக்கிறோம்? உண்மை சொன்னவளை யோசிக்காமல் அனுப்பிவிட்டால், அடுத்து வருகிறவளுக்குப் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்தது நாமே. அந்தப் பொய் நம் பிள்ளையின் தொட்டிலுக்குத்தான் வந்து சேரும்.

கடைசியாக என்னைப் பற்றி. ஏழைக்கு உண்மை சொல்லும்படி புத்தி சொல்வது எளிது. உண்மைக்கு ஒரு செலவு உண்டு. அந்தச் செலவை அவள் தலையில் மட்டும் போட்டுவிட்டு நாம் நன்மையை எழுதிக்கொள்ளப் பார்க்கிறோம். பங்கு வியாபாரத்தில் லாபத்தில் மட்டும் கூட்டு, நஷ்டத்தில் இல்லை என்று ஒருவன் சொன்னால் அவனை நாம் பங்காளி என்போமா? உண்மை சொல்லச் சொன்னவன் அந்த உண்மையின் நஷ்டத்திலும் பங்காளியாக வேண்டும்.

ஆகவே அந்த மாதச் சாமான் கணக்கைத் தவணையில் எழுதிக்கொண்டேன். அது தர்மமல்ல, என் பங்கு. அவளிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, தெரிந்த நாலு வீடுகளில் அவளுக்காகப் பேசினேன். மயக்கத்தையும் சொன்னேன், அது எதனால் வருகிறது என்பதையும் சொன்னேன். கணவன் கதையை நான் சொல்லவில்லை. மூன்று வீடுகளில் வேண்டாம் என்றார்கள். நாலாவது வீட்டில் ஒரு பாட்டியம்மா இருக்கிறார். பிள்ளையைத் தூக்க அவருக்குத் தெம்பில்லை, ஆனால் பகல் முழுதும் தொட்டிலருகே உட்கார்ந்திருப்பார். ஒருத்திக்குக் கை, ஒருவருக்குக் கண் என்று இருவருமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள். முதல் வீட்டில் சொன்ன சம்பளம் இங்கே இல்லை, கொஞ்சம் குறைவுதான். ஆனால் காலை பத்து மணிக்கு ரொட்டியும் தேநீரும், பகல் ஒரு மணிக்குச் சோறும் என்று பேசி முடிவானது. பாட்டியம்மாவே கடிகாரத்தைப் பார்த்து அவளைச் சாப்பிடச் சொல்கிறாராம்.

நம்மில் பலர் வீட்டுக்கு ஆயா தேடுகிறவர்கள். நம் பெண்களிலேயே சிலர் அந்த வேலையைத் தேடிப் போகிறவர்கள். போகிறவர்களுக்கு நான் சொல்வது: பதிலை மனப்பாடம் செய்யாதீர்கள், பிள்ளையைத் தொடுகிற உங்கள் குறை எது, அதற்கு மாற்று எது என்று யோசித்து, இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், உங்கள் மானத்தை விற்க வேண்டியதில்லை. நேரமும் சம்பளமும் சாப்பாடும் என்னவென்று நீங்களும் கேளுங்கள். ஆள் வைக்கிறவர்களுக்குச் சொல்வது: அவளைக் கேட்பதற்கு முன் உங்கள் வீட்டின் அடிமூட்டையை நீங்கள் அவிழ்த்துக் காட்டுங்கள். “நீ எப்போது சாப்பிடுவாய்?” என்பதை முதல் கேள்வியாக வையுங்கள்.

வாயில்லாத பிள்ளையின் சார்பில் உண்மை பேசுகிற தைரியத்தையும், அந்த உண்மையின் செலவைப் பகிர்ந்துகொள்ளும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.